மெஷின் 'சரி'ன்னு காட்டினா மருந்தைக் குடுத்துடலாமா? ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் பத்தி நர்ஸ், டாக்டர், பார்மஸி ஆளுங்க எல்லாரும் வாங்க

வார்டு_சிஸ்டர்_கோவை

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க ஆஸ்பத்திரில சீக்கிரமே கேஸ் ஷீட்டை எடுத்துட்டு மொத்தமா கம்ப்யூட்டருக்கு மாத்தப் போறாங்க. டாக்டர் ஆர்டர், பார்மஸி இண்டென்ட், மருந்து குடுத்த டைம், பி.பி., டெம்பரேச்சர் எல்லாம் இனி ட்ராலி மேல இருக்கற லேப்டாப்லதான். பேஷண்ட் கைல பார்கோட் போட்ட பட்டை. ட்ரெய்னிங் குடுக்க வந்த தம்பி "இனிமே மருந்து மாறவே மாறாது சிஸ்டர்"னு ரொம்ப நம்பிக்கையா சொன்னாப்ல. எனக்கு அந்த நம்பிக்கை வரலைங்க.

அமெரிக்காவுல நடந்த ரடோண்டா வாட் கேஸை நர்ஸுங்க கேள்விப்பட்டிருப்பீங்க. "நர்ஸ் தப்பான ஊசி போட்டு பாட்டி இறந்துட்டாங்க"ன்னு ஒத்தை வரியாதான் வாட்ஸப்ல சுத்துச்சு. நடந்தது இதுதான். 2017 டிசம்பர், டென்னசி மாநிலம், நாஷ்வில்ல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி. 75 வயசு அம்மா, மூளைல ரத்தக்கசிவுன்னு அட்மிட் ஆகி நல்லா தேறிட்டு வர்றாங்க. பெட் ஸ்கேன் எடுக்கணும், மெஷினுக்குள்ள போக பயம், அதனால வெர்செட் கொஞ்சம் போடச் சொல்லி ஆர்டர். வெர்செட்னா நம்ம மிடாசொலாம்தான், பயத்தைக் குறைச்சு லேசா மயக்கத்துல வைக்கற மருந்து. நர்ஸ் மருந்து அலமாரி மெஷின்ல (பேரை அடிச்சா மருந்தைத் திறந்து குடுக்கற கம்ப்யூட்டர் அலமாரி) பேரோட முதல் ரெண்டு எழுத்தை அடிக்கறாங்க, வரல, ஏன்னா மெஷின்ல அது மிடாசொலாம்ங்கற ஜெனரிக் பேர்ல இருக்கு. ஓவர்ரைடு, அதாவது பார்மஸி ஒப்புதலுக்குக் காத்திருக்காம மருந்தை எடுக்கற வழியைப் போட்டு மறுபடி அதே ரெண்டு எழுத்தை அடிக்கறாங்க, இந்த தடவை வந்தது வெக்குரோனியம். உடம்புல இருக்கற தசை மொத்தத்தையும் நிறுத்தற மருந்து, வெண்டிலேட்டர் இல்லாம போட்டா மூச்சு நின்னுடும். ஸ்கேன் எடுக்கற இடத்துல பார்கோட் ஸ்கேனர் கிடையாது. அந்த அம்மா மறுநாள் இறந்துட்டாங்க.

அந்த சமயத்துலதான் அங்க புது சாஃப்ட்வேர் மாத்தியிருந்தாங்க, மருந்து வெளிய வர லேட் ஆகி ஓவர்ரைடு போடறது அன்னாடம் நடக்கறதா ஆயிருந்துச்சுன்னு அந்த நர்ஸ் விசாரணைல சொன்னாங்க. 2021ல லைசென்ஸ் போச்சு. 2022 மார்ச்ல கிரிமினல் கோர்ட்டுல குற்றவாளின்னு தீர்ப்பு, மே மாசம் 3 வருஷம் ப்ரொபேஷன். அந்த அலமாரியை அப்படி செட் பண்ணினவங்க யாரும் கூண்டுல ஏறல.

உங்க இடத்துல கம்ப்யூட்டர் வந்தப்புறம் என்ன மாறுச்சு? நல்லதோ கெட்டதோ, வார்டுல நடக்கறதை எழுதுங்க.

மருந்தாளுனர்_மதுரை

சிஸ்டர், அந்த கேஸ்ல ஒரு பார்மஸிஸ்ட்டா எனக்கு முதல்ல உறுத்துறது அந்த ரெண்டு எழுத்துத்தான். ரெண்டு எழுத்து அடிச்சா எத்தனை மருந்து வரிசையா வந்து நிக்கும்னு நம்மளுக்குத் தெரியும்ல. மருந்து பாதுகாப்பைப் பாக்குற ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு அதுக்கப்புறம் அலமாரி மெஷின்ல தேடணும்னா குறைஞ்சது 5 எழுத்து அடிக்கணும்னு சொல்லிருச்சு. ஒரு செட்டிங்தான், அதை மாத்த ஒரு உசுரு போகணுமா?

நம்ம ஊர்ல இது இன்னும் மோசம், ஏன்னா நம்ம ஊர்ல ஒரே மருந்துக்கு எத்தனை பிராண்டு. டாக்டர் பிராண்டு பேரைச் சொல்லுவார், ஸ்டாக்ல வேற பிராண்டு இருக்கும், கம்ப்யூட்டர்ல மூணாவதா ஒரு பேர்ல ஏத்தி வச்சிருப்பாங்க. டோபமைன், டோபுடமைன் ரெண்டும் அடுத்தடுத்த வரில நிக்கும், விரல் ஒரு கோடு கீழ எறங்குனா முடிஞ்சது கதை. பேப்பர்ல டாக்டர் கையெழுத்து புரியலைன்னா போன் போட்டுக் கேப்போம், புரியலைங்கறதாவது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல தப்பான மருந்து சுத்தமான எழுத்துல அழகா வந்து நிக்கும், சந்தேகமே வராது. இதுதான் எனக்கு ரொம்ப பயம்.

ஐசியூ_ராஜா

நான் கொஞ்சம் மாறுபடுறேன். வெர்செட் தண்ணியா வர்ற மருந்து, வெக்குரோனியம் பவுடர், கலக்கித்தான் போடணும். பாட்டில் மூடிலயே தசையை செயலிழக்க வைக்கும்னு எச்சரிக்கை எழுதியிருக்கு. போட்டதுக்கப்புறம் பேஷண்டை பக்கத்துல நின்னு பாக்கவும் இல்ல. இதையெல்லாம் சாஃப்ட்வேர் தலைல கட்ட முடியாது. லேபிளை மூணு தடவை படின்னு ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லிக் குடுக்கறாங்க.

வார்டு_சிஸ்டர்_கோவை

ராஜா, நீங்க சொல்றது சரிதாங்க, லேபிள் படிச்சிருக்கணும், அந்த நர்ஸே அதை மறுக்கல. ஆனா ஒரு கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை எச்சரிக்கையைத் தள்ளிட்டு நாம வேலை பாக்கறோம்? அலமாரி மெஷினும் எச்சரிச்சுதுன்னுதான் கோர்ட்டுல சொன்னாங்க. தள்ளினாத்தான் வேலை நடக்கும்னு ஆகிட்ட இடத்துல எந்த எச்சரிக்கை நெசமானதுன்னு கை எப்படிங்க கண்டுபிடிக்கும்?

பீடியாட்ரிக்_பிஜி

அலர்ட் பத்தி பேசறப்ப இதைச் சொல்லியே ஆகணும், எங்க டிபார்ட்மென்ட்ல இதை வச்சு ஒரு கிளாஸே எடுத்தாங்க. 2013, சான் ஃபிரான்சிஸ்கோல கலிபோர்னியா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி, 16 வயசுப் பையன், வெயிட் 38.6 கிலோ. வழக்கமா சாப்பிடற கோ-ட்ரைமாக்ஸசோல்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை, ஒண்ணு. அந்த ஆஸ்பத்திரி ரூல்படி 40 கிலோவுக்கு கீழ இருந்தா டோஸை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்னுதான் போடணும். கிலோவுக்கு 5 போட்டா 193 மில்லிகிராம் வருது, மாத்திரை 160லதான் இருக்கு, அதனால 160ன்னு மாத்தி எழுதுங்கன்னு பார்மஸிலேர்ந்து கேக்கறாங்க. டாக்டர் போய் 160ன்னு டைப் பண்றாங்க. ஆனா அந்தக் கட்டத்துல அலகு 'கிலோவுக்கு மில்லிகிராம்'னே நிக்குது. 160 இன்ட்டு 38.6. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு 38 அரை மாத்திரைன்னு ஆர்டர் அனுப்பிடுச்சு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் நடுக்கமா இருக்கு. டாக்டருக்கு அலர்ட் வந்துச்சு, மத்த நூறு அலர்ட்டோட சேத்து தள்ளிட்டாங்க. பார்மஸிஸ்ட்டுக்கும் வந்துச்சு, அங்கயும் அதேதான். பார்மஸில ரோபோ, அது எதுக்கு இவ்ளோ மாத்திரைன்னு கேக்குமா, கரெக்டா எண்ணி பாக்கெட் போட்டுடுச்சு. அன்னைக்கு நைட் டூட்டில இருந்த நர்ஸ் வேற வார்டுலேர்ந்து வந்தவங்க, அவங்களுக்கு 38 மாத்திரைங்கறது விசித்திரமாதான் பட்டுச்சு. ஆனா பார்கோடை ஸ்கேன் பண்ணா டோஸ் சரின்னு காட்டுது. டாக்டர் பாத்தாச்சு, பார்மஸி பாத்தாச்சு, மெஷினும் சரிங்குது. குடுத்துட்டாங்க. பையனுக்கு ஃபிட்ஸ் வந்து ஐ.சி.யூ. போய், நல்லவேளை பொழைச்சுட்டான்.

பார்கோட் செக் பண்றது ஆர்டர்ல இருக்கறதும் கைல இருக்கறதும் ஒண்ணான்னுதான். ஆர்டரே தப்புன்னா தப்பை கரெக்டா குடுக்க அதுவும் உதவி பண்ணும்.

ஐசியூ_ராஜா

இந்தக் கேஸ் எனக்குத் தெரியாது டாக்டர். அதே ஆஸ்பத்திரில மானிட்டர் அலாரம் பத்தி ஒரு ஆய்வு 2014ல வந்துச்சு, அதைப் படிச்சிருக்கேன். 5 ஐ.சி.யூ., 77 பெட், 31 நாள்ல 25 லட்சத்துக்கும் மேல அலாரம். காதுல கேக்கற மாதிரி அடிச்சதை மட்டும் எடுத்தாலே ஒரு பெட்டுக்கு ஒரு நாளைக்கு 187.

எங்க யூனிட்ல ஈ.சி.ஜி. ஒட்டற லீடு வேர்வைல கழண்டாலே கத்தும், பேஷண்ட் இருமினா கத்தும், திரும்பிப் படுத்தா கத்தும். சவுண்டைக் குறைச்சு வைக்கறவங்களை நான் திட்டியிருக்கேன், ஆனா ஒரு ஷிஃப்ட் முழுக்க அந்த சத்தத்துல நின்னவங்களுக்குத்தான் ஏன் குறைக்கறாங்கன்னு புரியும். லீடை டெய்லி மாத்தி ஸ்கின்னை நல்லா தொடைச்சு ஒட்டினதும், ஒவ்வொரு பேஷண்டுக்கும் லிமிட்டைத் தனியா வச்சதும் எங்க யூனிட்ல சத்தம் நிஜமாவே கொறஞ்சுது. சாஃப்ட்வேர் அப்டேட் எதுவும் வரல அதுக்கு.

கோடர்_தாம்பரம்

நான் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எழுதற கம்பெனில இருக்கேன். இதைப் படிக்க கஷ்டமா இருக்கு ஆனா படிக்க வேண்டியது. எங்க பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். அலர்ட் ஏன் இவ்ளோ வருதுன்னா, ஒரு அலர்ட்டை எடுத்துட்டு நாளைக்கு எதாவது ஆச்சுன்னா "நீங்கதானே எடுத்தீங்க"ன்னு வரும், அதனால யாரும் எடுக்க மாட்டாங்க, சேத்துக்கிட்டே போவாங்க. டெமோ காட்டறது மேனேஜ்மென்ட்டுக்கு, ஒப்புத்துக்கறது பில்லிங் டிபார்ட்மென்ட், அதனால பில்லு ஸ்க்ரீன் சூப்பரா இருக்கும், மருந்து குடுக்கற ஸ்க்ரீன்ல ஒரு டோஸுக்கு ஏகப்பட்ட கிளிக். ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து "இங்க ஏன் இது?"ன்னு கேட்டது என் வேலைல ரொம்ப அபூர்வம், கேட்ட அன்னைக்கு நாலு விஷயம் மாத்தினோம்.

ஒரு டவுட். பார்கோட் பட்டை வச்சே பேஷண்டை கன்ஃபர்ம் பண்ணிட்டா பேர்க்குழப்பம் தீந்துடும்தானே?

எம்ஆர்டி_சேலம்

தீராது தம்பி. பட்டையை பிரிண்ட் பண்றதே அட்மிஷன் கவுன்ட்டர்ல அடிக்கிற பேரை வச்சுதான். நான் ரெக்கார்டு ரூம்ல இருக்கேன், நம்ம ஊர்ப் பேருக்கும் இந்த சாஃப்ட்வேருக்கும் ஒத்தே வராது. ஃபர்ஸ்ட் நேம் ஒரு கட்டம், லாஸ்ட் நேம் ஒரு கட்டம், ரெண்டையும் நிரப்பாம அடுத்த ஸ்க்ரீன் போகாது. நமக்கு லாஸ்ட் நேமே கிடையாது. ஒரு ஆள் இனிஷியலைப் போடுவாரு, இன்னொருத்தர் அப்பா பேரை முழுசா போடுவாரு, நைட் டூட்டிக்காரர் ஒரு புள்ளிய வச்சுட்டு விட்டுடுவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி வந்தப்ப அப்பா இனிஷியல், பிரசவத்துக்கு வந்தப்ப வீட்டுக்காரர் இனிஷியல், ஒரே பொண்ணுக்கு ரெண்டு ஃபைல். செந்திலுக்கு இங்கிலீஷ்ல 'டி'க்கப்புறம் 'எச்' போட்டா ஒரு ஆள், போடாட்டி வேற ஆள். பழைய ஃபைல்ல பென்சிலின் அலர்ஜின்னு செவப்புல எழுதியிருக்கும், புது ஃபைல்ல அலர்ஜி கட்டம் காலியா இருக்கும். டாக்டர் பாக்கறது புது ஃபைலை.

ஒரே வார்டுல ரெண்டு செல்வி, ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, எத்தனை தடவை பாத்திருக்கேன். லேப் ரிசல்ட் ஸ்க்ரீன்ல பேர் மட்டும்தான் பெருசா தெரியும், ஆஸ்பத்திரி நம்பர் மூலைல எறும்பு சைஸ்ல. ஊர் பேரும் அப்பா பேரும் பக்கத்துலயே பெருசா தெரியற மாதிரி வைங்கப்பா, போதும்.

கோடர்_தாம்பரம்

சார், இதை இவ்ளோ தெளிவா யாரும் எங்களுக்கு சொன்னதில்ல. நோட் பண்ணிக்கிட்டேன்.

வார்டு_சிஸ்டர்_கோவை

பட்டை விஷயத்துல இன்னொண்ணுங்க. என் ஃப்ரெண்டு வேலை பாக்கற இடத்துல பட்டை நனைஞ்சா ஸ்கேன் ஆகாது, கொழந்தை கைல நிக்காது, ட்ராலி சார்ஜ் போய் பாதி வழில நின்னுடும். அதனால வார்டுல இருக்கற எல்லா பேஷண்ட் பார்கோடையும் எக்ஸ்ட்ரா பிரிண்ட் எடுத்து நர்ஸிங் ஸ்டேஷன்ல ஒரு அட்டைல ஒட்டி வச்சிருக்காங்க. அட்டையை ஸ்கேன் பண்ணிட்டு மருந்தைக் குடுக்கப் போறாங்க. கம்ப்யூட்டர் கணக்குல நூத்துக்கு நூறு ஸ்கேன், ஆடிட்ல பாராட்டு. இது நம்ம ஊர்ல மட்டும்னு நெனச்சேன். அமெரிக்காவுலயே ராஸ் கோப்பல்ங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் 2008ல ஆஸ்பத்திரிகள்ல போய்ப் பாத்து இந்த மாதிரி குறுக்கு வழி 15 வகை, அதுக்குக் காரணம் 31ன்னு எழுதியிருக்காங்க. சோம்பேறித்தனம்னு சொல்லி மெமோ குடுக்கறதுக்கு முன்னாடி ட்ராலி பேட்டரியைப் பாருங்கங்க.

கிராம_செவிலியர்

அக்கா, நான் பி.எச்.சி. சப்சென்டர்ல இருக்கேன். எங்களுக்கு பார்கோட் எல்லாம் கிடையாது, ஆப்தான். தாய் சேய்க்கு ஒண்ணு, தடுப்பூசிக்கு ஒண்ணு, சுகர் பிரஷருக்கு ஒண்ணு, போதாததுக்கு ரெஜிஸ்டர் நோட்டும் எழுதணும். அன்னைக்கு ஒரு கர்ப்பிணி புள்ளைக்கு பி.பி. 150/100, தலைவலின்னுச்சு. அந்த ஊர்ல டவர் கிடையாது, ஆப்புல ஏறல. நோட்டுல எழுதி, ரோட்டு வரைக்கும் நடந்து வந்து சிக்னல் கெடச்சதும் டாக்டரம்மாவுக்கு போன் போட்டு 108க்கு சொன்னேன். சாயங்காலம் மீட்டிங்ல கேட்ட முத கேள்வி அந்த புள்ள எப்டி இருக்குன்னு இல்ல, என்ட்ரி ஏன் லேட்டுன்னு.

ஆனா ஆப்பு வேணாம்னு சொல்லமாட்டேன். ரத்தம் கம்மியா இருக்கற அம்மாங்க லிஸ்ட் செவப்புல தனியா வந்து நிக்கும்போது எந்த வீட்டுக்கு முதல்ல போணும்னு தெரியுது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போற புள்ளைங்க வேற மாவட்டத்துக்குப் போனாலும் நம்பரைப் போட்டா அங்க இருக்கற சிஸ்டருக்கு முழு விவரமும் தெரியும், முன்னாடி இதுக்கெல்லாம் வழியே இல்ல. ரெண்டு வேலையும் சேத்து செய்யச் சொல்றதுதான் முடியல. புள்ளைங்க தூங்கினதுக்கப்புறம் உக்காந்து நம்பர் ஏத்துறேன், கண்ணு சொருகும்போது 11ஐ 17ன்னு அடிச்சா ஹீமோகுளோபின் அதுவா 17 ஆயிரும்.

பீடியாட்ரிக்_பிஜி

டாக்டர்ங்க பக்கமும் இதேதான் அக்கா. 2016ல அமெரிக்காவுல ஓ.பி. டாக்டர்களைக் கூடவே இருந்து கவனிச்ச ஆய்வுல பேஷண்டோட நேரா இருக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட 2 மணி நேரம் கம்ப்யூட்டர்லயும் எழுத்து வேலைலயும் போகுதுன்னு வந்துச்சு. நம்ம ஓ.பி. கூட்டத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

தீவான்_லண்டன்

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில நர்ஸா வேலை செய்யிறன். உங்கட எழுத்துகளை வாசிக்க எங்கட வார்டைப் பாக்கிற மாதிரியே கிடக்கு. ஒண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சிஸ்டம் விழுந்தா என்ன செய்யிறது? 2017 மே 12, வானாக்ரை எண்ட வைரஸ் வந்து இங்க எத்தினையோ ஆஸ்பத்திரியளில கொம்பியூட்டர் எல்லாம் பூட்டுப்பட்டுப் போச்சு. 19,000க்கு மேல அப்பொயின்மென்ட் ரத்தாகியிருக்கும் எண்டு பிறகு அரசாங்கக் கணக்காய்வில சொன்னவை. பேப்பரில வேலை செய்த பழைய ஆக்கள் சமாளிச்சவை. புதுசா வந்த பிள்ளையளுக்கு மருந்துச் சாட் கையால எழுதவே தெரியாது, அவையில பிழை இல்லை, ஒருத்தரும் பழக்கேல்லை.

மருந்தாளுனர்_மதுரை

நம்ம நாட்டுலயும் ஆச்சு. டெல்லி எய்ம்ஸ்ல 2022 நவம்பர் 23 சர்வர் முடங்கி ரெண்டு வாரம் கிட்ட ஓ.பி. சீட்டு, லேப், அட்மிஷன் எல்லாம் கையால. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கே அந்த நெலமைன்னா ஜில்லாவுல இருக்கறதெல்லாம் என்ன பாடு படும்.

வக்கீல்_நெல்லை

சட்டம் சம்பந்தமா ஒரு விஷயம், நர்ஸுகள் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். 2024 ஜூலை 1லேர்ந்து இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. அதுல 106(1) பிரிவு, அஜாக்கிரதையால மரணம்: 5 வருஷம் வரைக்கும் சிறை. அதே இது பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நடந்தா 2 வருஷம் வரைக்கும். பதிவுபெற்ற மருத்துவர்னா யாருன்னு அங்கேயே விளக்கமும் இருக்கு, தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவு செஞ்ச டாக்டர். நர்ஸு அதுல வரமாட்டாங்க. ஒரே ஆர்டரு, டாக்டரு தப்பா டைப் பண்ணுதாரு, நர்ஸு குடுக்காங்க, ரெண்டு பேருக்கும் உச்ச தண்டனை வேற வேற. 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டு டாக்டர்களுக்குக் குடுத்த பாதுகாப்பு (வேற டாக்டர்கிட்ட கருத்து கேட்டுட்டுத்தான் வழக்கு, சும்மா கைது பண்ணக் கூடாது) மாதிரி நர்ஸுகளுக்கும் தெளிவா எழுதி வரணும், உங்க சங்கங்கள் கேக்கணும்.

இன்னொண்ணு, பாஸ்வேர்டு. வார்டு முழுக்க இன்சார்ஜ் சிஸ்டரோட லாகின்லயே வேலை பாக்கறது நெறைய இடத்துல நடக்கு. கம்ப்யூட்டர் யாரு லாகினோ அவங்க பேரைத்தான் நிமிஷக் கணக்கோட பதிஞ்சு வைக்கும். கேஸுன்னு வந்தா அந்தப் பதிவுதான் சாட்சி, "நான் அன்னைக்கு லீவு"ங்கறதை நிரூபிக்க நீங்கதான் அலையணும். தயவுசெஞ்சு ஆளுக்கொரு லாகின் கேளுங்க, குடுக்கலைன்னா எழுத்துல கேளுங்க.

ஐசியூ_ராஜா

5 வருஷம் எனக்கே புதுசு. மேல நான் எழுதினதுல லேபிள் பத்தின கருத்து அப்படியேதான் இருக்கு, ஆனா ஜெயில்ங்கறது வேற. ஜெயில்னு பயந்தா யாரும் "மருந்து மாறிடுச்சு, உடனே வாங்க"ன்னு கத்த மாட்டாங்க, மறைப்பாங்க. அப்ப அடுத்த பேஷண்டுக்கும் அதேதான் நடக்கும்.

மருந்தாளுனர்_மதுரை

எல்லாரும் பயமுறுத்துறோம்னு புதுசா படிக்கற பிள்ளைக நினைச்சுரக் கூடாது. கம்ப்யூட்டர் காப்பாத்துன கணக்கும் இருக்கு. பாஸ்டன்ல பிரிகாம் ஆஸ்பத்திரில டாக்டர் ஆர்டரை கம்ப்யூட்டர்ல போட ஆரம்பிச்சதும் ஆபத்தான மருந்துத் தப்பு 55 சதவீதம் கொறஞ்சதுன்னு 1998ல வந்துச்சு. அதே ஆஸ்பத்திரில பார்கோட் போட்டு 2010ல பாத்தா மருந்து குடுக்குறதுல நடக்குற தப்பு 41 சதவீதம் கொறைவு. இதெல்லாம் சும்மா இல்ல.

அதே சமயம் பிட்ஸ்பர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியப் பாருங்க. 2002ல ஒரு வாரத்துக்குள்ள மொத்த ஆஸ்பத்திரியையும் மாத்துனாங்க. வேற இடத்துலேர்ந்து மாத்தி கொண்டுவந்த குழந்தைகள்ல இறப்பு 2.80 சதவீதத்துலேர்ந்து 6.57 சதவீதமாச்சுன்னு 2005ல அவங்க டாக்டருகளே எழுதுனாங்க. முன்னாடி ஆம்புலன்ஸ் வர்றப்பவே மருந்தை ரெடி பண்ணுவாங்களாம், புது சிஸ்டத்துல குழந்தை வந்து ரிஜிஸ்டர் ஆனப்புறம்தான் ஆர்டரே போட முடியும். வார்டுல இருந்த மருந்தையும் சென்ட்ரல் பார்மஸிக்கு எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அதே சாஃப்ட்வேரை சியாட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரில போட்டப்ப இறப்பு கூடல. அப்ப எப்படிக் கொண்டு வர்றோம்ங்கறதுலதான் இருக்கு.

வார்டு_சிஸ்டர்_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. திங்கக்கிழமை எங்க நர்ஸிங் சூப்பரின்டென்டன்ட் மேடத்தோட மீட்டிங் இருக்கு, எழுத்துலயே குடுக்கப் போறேன். எல்லா வார்டையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம், முதல்ல மெடிக்கல் வார்டு ஒண்ணுல ஓடட்டும். மருந்து தேடறப்ப 5 எழுத்து. டோஸ் பக்கத்துல அலகு அதே சைஸ்ல தெரியணும், கிலோ கணக்குன்னா மொத்தம் எத்தனை மாத்திரைன்னும் பெருசா காட்டணும். ஆளுக்கொரு லாகின். நெட் போனா எழுதறதுக்கு பேப்பர் சார்ட் ஒவ்வொரு வார்டுலயும் ரெடியா இருக்கணும், புதுப் பசங்களுக்கு அதை எழுதப் பழக்கணும். ஸ்கேன் எடுக்கற ரூம்லயும் டயாலிசிஸ்லயும் ஸ்கேனர் வேணும், அங்கதான் நாம தனியா நிக்கறோம். அலர்ட் எத்தனை வந்துச்சு எத்தனை தள்ளினோம்னு மாசாமாசம் பாத்து வேண்டாததை எடுக்க ஒரு கமிட்டி, அதுல வார்டுல டூட்டி பாக்கற ஸ்டாஃப் நர்ஸ் ரெண்டு பேராவது இருக்கணும்.

சேலம் சார், உங்க பேர் விஷயத்தையும் சேத்துட்டேன். ஒரே பேர்ல ரெண்டு பேஷண்ட் ஒரே வார்டுல இருந்தா ஸ்க்ரீன்ல தனியா ஒரு குறி வர்ற மாதிரி உங்க ஆஸ்பத்திரில எதாவது பண்ணியிருக்கீங்களா?

எம்ஆர்டி_சேலம்

பண்ணியிருக்கோம்மா. அட்மிஷன் போடும்போதே அதே வார்டுல அந்தப் பேர் இருந்தா மஞ்சள் பட்டையா வரும், கைப்பட்டைலயும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிடுவோம், முடிஞ்சா பெட்டையும் தள்ளிப் போட்டுடுவோம். எழுத்துக்கூட்டல் மாறினா மட்டும் இன்னும் பிடிக்க மாட்டேங்குது. கோடர் தம்பி, சத்தத்தை வச்சு பேரைத் தேடற வழி இருக்குன்னு சொல்றாங்களே, நம்ம தமிழ்ப் பேருக்கு அதை பண்ண முடியுமா?

கோடர்_தாம்பரம்

முடியும் சார். இங்கிலீஷ் பேருக்கு எழுதின ரூல் நம்ம பேருக்கு சரியா வராது, 'ழ' வர்ற பேர், 'த' வர்ற பேர் எல்லாத்துக்கும் தனி ரூல் எழுதணும். பேஷண்ட் விவரம் எதுவும் வேண்டாம், உங்க கவுன்ட்டர்ல ஒரே பேரை எத்தனை விதமா அடிக்கறாங்கன்னு ஒரு லிஸ்ட் மட்டும் குடுங்க, அதை வச்சு ஆரம்பிக்கறேன்.